பால் கணக்கு மென்பொருளும் ஒட்டாத உரிமங்களும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தில் ஓடுகிற கணக்கு மென்பொருளைப் பற்றித்தான் இந்தக் கதை. காலையில் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டு முடிந்ததும் உறுப்பினர்கள் ரப்பர் பால் கொண்டுவருவார்கள். எடை போட்டு, மாதிரி எடுத்து, பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். இதற்கு எல்லாரும் சொல்லும் பெயர் டிஆர்சி. 20 கிலோ பால், டிஆர்சி 35 என்றால் 7 கிலோ உலர் ரப்பருக்குக் காசு. பாலை உறைய வைத்துத் தகடாக்கிய ஷீட்டுக்கும், மரத்திலும் சிரட்டையிலும் தானே உறைந்த ஒட்டுப்பாலுக்கும் கணக்கு வேறு. முன்பு எல்லாமே நோட்டில் இருந்தது. பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் படித்த பையன்கள் சிலர் சேர்ந்து அதைப் பைத்தானில் ஒரு மென்பொருளாக எழுதிக் கொடுத்தார்கள். மூல நிரலை எல்லாரும் பார்க்கும்படி கிட்ஹப் தளத்தில் போட்டு, எம்ஐடி உரிமம் என்று ஒரு கோப்பும் வைத்தார்கள்; யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், எழுதியவர் பெயரையும் உரிமத்தையும் மட்டும் விடக் கூடாது என்பது அது.

நான் பிற்பாடு வந்து சேர்ந்தவன். எனக்கு வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போய்வருகிறேன். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் உரிமப் பட்டியலைச் சரிபார்ப்பது எங்கள் அலுவலகத்தில் கட்டாயம். யாருக்கும் பிடிக்காத அந்த வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அதனால் அருமனைப் பக்கத்துச் சங்கம் ஒன்று இதே மென்பொருளைக் கேட்டபோது, மார்த்தாண்டத்தில் எடை இயந்திரம் விற்கிற ஒருவரும் “நான் விற்கிற கம்ப்யூட்டரிலேயே இதை ஏற்றிக் கொடுக்கட்டுமா” என்று கேட்டபோது, செயலாளர் அண்ணன் நேராக எனக்குத்தான் போன் போட்டார். “அதுக்கு நமக்கு அனுமதி உண்டா மக்கா?”

எங்கள் நிரல் எம்ஐடி என்பதால், எங்களைப் பொறுத்தவரை உண்டு. ஆனால் அந்த மென்பொருளில் நாங்கள் எழுதியது கொஞ்சம். மற்றவர்கள் எழுதியதுதான் மிச்சமெல்லாம். அவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

நாங்கள் சேர்த்திருந்த லைப்ரரிகளை, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்களை, பட்டியல் போட்டேன். திரை முழுக்க பைக்யூடி 5, அதற்கு ஜிபிஎல் 3; சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் மொத்த மூலத்தையும் இதே உரிமத்தில் தர வேண்டும் என்கிற குடும்பம் அது. மாதாந்திரக் கணக்கைப் பிடிஎஃப் ஆக்க பைமியூபிடிஎஃப், அதற்கு ஏஜிபிஎல் 3, சர்வர் வழியாகப் பயன்படுத்துகிறவர்களுக்கும் மூலம் தரச் சொல்லும் ஜிபிஎல்லின் உறவு. இரவில் காப்புப் பிரதியைச் சர்வருக்கு அனுப்ப ரிக்வெஸ்ட்ஸ், அதற்கு எம்ஐடி போல இளகிய அப்பாச்சி 2.0. எடை இயந்திரத்தின் சீரியல் கேபிளிலிருந்து எடையைப் படிக்க சி மொழியில் எழுதிய பழைய நிரல் ஒன்று. எங்கிருந்தோ எடுத்து, தொகுத்து, பைத்தானுக்குள்ளேயே ஏற்றியிருந்தார்கள். அதன் தலைப்பில் ஜிபிஎல், பதிப்பு 2 என்று இருந்தது.

பட்டியலைப் பார்த்த பையன்களில் ஒருவன், “அண்ணா, அப்பாச்சிதான் இடிக்குது போல. மத்ததெல்லாம் ஜிபிஎல் குடும்பம்தானே” என்றான். பலரும் இப்படித்தான் நினைப்பார்கள். நடப்பு இதற்கு நேர் எதிர். அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ள நிரலை ஜிபிஎல் 3 மென்பொருளில் தாராளமாகச் சேர்க்கலாம். ஜிபிஎல் 3ஐயும் ஏஜிபிஎல் 3ஐயும் இணைக்க அந்த இரண்டு உரிமங்களின் 13ஆம் பிரிவே வழி விட்டிருக்கிறது. எம்ஐடி நிரலை இவை எதனோடும் சேர்க்கலாம். ஆக, திரையும் பிடிஎஃப்பும் காப்புப் பிரதியும் எங்கள் நிரலும் ஒன்றாக இருக்கலாம். மற்ற லைப்ரரிகள் எதோடும் சேராதது அந்தப் பழைய சி நிரல் மட்டும்தான்.

ஜிபிஎல் 2 வந்தது 1991இல். அப்பாச்சி 2.0 வந்தது 2004இல். அப்பாச்சியில் காப்புரிமை (பேட்டன்ட்) பற்றி ஒரு விதி உண்டு: இந்த மென்பொருள் என் காப்புரிமையை மீறுகிறது என்று வழக்குப் போடுகிறவருக்கு அதில் கிடைத்த காப்புரிமை அனுமதி போய்விடும். நல்ல விதிதான். ஆனால் ஜிபிஎல் 2, தன்னில் இல்லாத எந்தக் கட்டுப்பாட்டையும் பெறுபவர் மேல் கூடுதலாகச் சுமத்தக் கூடாது என்கிறது. அதனால் இரண்டும் ஒரே நிரலில் சேர முடியாது என்பது ஜிபிஎல்லை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. 2007இல் ஜிபிஎல் 3ஐ எழுதியபோது இதற்கு இடம் கொடுத்தே எழுதினார்கள்.

ஜிபிஎல் 2க்கும் ஜிபிஎல் 3க்கும் என்ன தகராறு என்று கேட்கலாம். முழு மென்பொருளும் என் கீழ்தான் வர வேண்டும் என்று இரண்டுமே சொல்கின்றன. ஒரே மென்பொருள் இரண்டின் கீழும் இருக்க முடியாது. இதைத் தீர்க்கத்தான் பெரும்பாலானவர்கள் தலைப்பில் “பதிப்பு 2, அல்லது உங்கள் விருப்பப்படி அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பும்” என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த வரி இருந்தால் ஜிபிஎல் 3 என்றே எடுத்துக்கொண்டு போய்விடலாம். லினக்ஸ் கர்னல் போல, வேண்டுமென்றே பதிப்பு 2 மட்டும் என்று வைத்திருப்பவர்களும் உண்டு. எங்கள் சி நிரலில் அந்த வரி இல்லை. வேண்டுமென்று விட்டாரா, மறந்து விட்டாரா, தெரியாது. உரிமத்தை யாராவது “ஜிபிஎல்” என்று மட்டும் சொன்னால் நான் இப்போது விடுவதில்லை. எந்தப் பதிப்பு, “பிந்தைய பதிப்பு” வரி உண்டா என்று கேட்டுவிடுவேன். உரிமங்களுக்குப் பொது அடையாளம் வைக்கும் எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் வெறும் ஜிபிஎல்-2.0 என்ற பழைய அடையாளத்தைக் கைவிட்டு, “மட்டும்” என்று ஒன்று, “அல்லது பிந்தையது” என்று ஒன்று எனப் பிரித்து வைத்திருப்பதும் இந்தக் குழப்பத்துக்காகத்தான்.

சரி, என்ன செய்வது? முதலில் எழுதியவரிடமே கேட்டோம். இது பலருக்குத் தோன்றாத வழி, ஆனால் செலவில்லாத வழி. தலைப்பில் இருந்த மின்னஞ்சலுக்கு நிலைமையைச் சுருக்கமாக எழுதி, “பிந்தைய பதிப்பு” வரியைச் சேர்க்க முடியுமா என்று கேட்டோம். நல்ல மனிதர், பதில் போட்டார். தனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் பாதிக்கு மேல் இன்னொருவர் எழுதியது, அவர் எங்கே இருக்கிறார் என்று ஓர்மை இல்லை என்றார். அதோடு அந்தக் கதவு மூடியது. எழுதிய ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியில் பதிப்புரிமை இருக்கிறது. ஒருவர் மட்டும் தலையாட்டினால் போதாது. விஎல்சி பிளேயரின் உள் எஞ்சினை 2011, 2012இல் ஜிபிஎல்லிலிருந்து அதைவிட இளகிய எல்ஜிபிஎல்லுக்கு மாற்றியபோது, பங்களித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கினார்கள். பலர் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012இல் உரிமம் மாறியபோது, சம்மதிக்காதவர்கள் வரைந்த தரவை அழிக்கவே செய்தார்கள்.

அடுத்த வழி பிரித்து வைப்பது. சி நிரலைப் பைத்தானுக்குள் ஏற்றாமல் தனி நிரலாக ஓடவிட்டு, அது எடையை ஒரு வரியாக எழுத, எங்கள் மென்பொருள் அந்த வரியைக் குழாய் (ஒரு நிரல் எழுதுவதை இன்னொரு நிரலுக்குக் கொண்டுபோகும் இணைப்பு) வழியே படிக்கிற மாதிரி மாற்றினோம். குழாய், சாக்கெட், கட்டளை வரி வழியாகப் பேசிக்கொள்ளும் இரண்டு நிரல்களைப் பொதுவாகத் தனித்தனி நிரல்களாகவே கொள்ளலாம் என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே சொல்கிறது. அதிலும் ஒரு நிபந்தனை போல ஒன்று உண்டு: உள் தரவுக் கட்டமைப்புகளையெல்லாம் பரிமாறிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமாக இருந்தால், குழாய் வைத்திருந்தாலும் ஒன்றாகவே கருதலாம். எங்களுடையது 12.450 என்று ஓர் எண்ணும் வரி முடிவும், அவ்வளவுதான். அதனால் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. தனி நிரலாக வைத்தாலும் ஜிபிஎல் 2இன் கடமை அந்த நிரலுக்குத் தொடர்கிறது. அதன் மூலத்தையோ, கேட்டால் தருவோம் என்ற எழுத்து உறுதியையோ, உரிம நகலோடு சேர்த்துக் கொடுத்தாக வேண்டும்.

இது தற்காலிக ஏற்பாடுதான். எடை இயந்திரம் எந்த வடிவத்தில் எண்ணை அனுப்புகிறது என்பது அதன் கையேட்டிலேயே இருந்தது. பழைய நிரலை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத ஒரு மாணவனிடம் கையேட்டை மட்டும் கொடுத்து, பைசீரியல் லைப்ரரியை வைத்துப் புதிதாக எழுதச் சொன்னோம். பைசீரியலுக்கு எம்ஐடி போன்ற பிஎஸ்டி உரிமம், யாரோடும் சண்டை போடாது. பழையதைப் படித்தவன் எழுதியிருந்தால், பெயர் மாற்றிய நகல்தானே இது என்று யாராவது கேட்க வழி இருந்திருக்கும். இயந்திரம் பேசும் முறை யாருடைய எழுத்தும் இல்லை. அதைப் படிக்க ஒருவர் எழுதிய நிரல்தான் அவருடைய எழுத்து. புது நிரல் பழையதைவிடச் சின்னதாகவும் வந்தது. அந்தக் கேபிள் அடிக்கடி கழன்று விழுவதை மட்டும் எந்த உரிமமும் தீர்க்காது.

இதெல்லாம் மழைக்காலத்தில் நடந்தது. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை பிடித்தால் வெட்டு நின்றுவிடும், சங்கத்தில் கூட்டம் குறையும். ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருளின் அடித்தளத்தில் கை வைக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

சி நிரல் போனதும், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய நிறுவல் கோப்பை ஜிபிஎல் 3 கீழும், பைமியூபிடிஎஃப் பகுதிக்கு ஏஜிபிஎல் கீழும் கொடுக்கலாம் என்ற நிலை வந்தது. எங்கள் மூலக் கோப்புகளில் எம்ஐடி என்று இருப்பது இதற்குத் தடையில்லை. மொத்தமாகக் கட்டிக் கொடுக்கிற பொருளுக்குத்தான் கடுமையான உரிமம் பொருந்தும். கட்டுவதற்குப் பைஇன்ஸ்டாலர் பயன்படுத்தினோம். அதுவும் ஜிபிஎல்தான் என்று ஒருவன் பயந்தான். அது கட்டித் தரும் மென்பொருளுக்கு எந்த உரிமமும் வைத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே சிறப்பு விலக்கு எழுதியிருக்கிறார்கள். உரிமத்தின் பெயரைப் பார்த்ததும் ஓடாமல் கீழே விலக்கு ஏதும் இருக்கிறதா என்று படிப்பது நல்லது.

இங்கே நின்றிருந்தால் எனக்குப் போதும். ஆனால் மார்த்தாண்டத்துக் கடைக்காரருக்கு வேறு யோசனை இருந்தது. தன் எடை இயந்திரத்தின் அளவைச் சரிப்படுத்தும் பகுதி ஒன்றை அவர் யாரிடமோ காசு கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறார். மூலத்தைத் திறக்க மாட்டார், அதை எங்கள் மென்பொருளுக்குள் செருக வேண்டும். பைக்யூடி ஜிபிஎல் இருக்கும்வரை அப்படிச் செருகிக் கொடுக்க முடியாது. ஜிபிஎல் மென்பொருளைக் காசுக்கு விற்கலாம், அதில் தடையே இல்லை. மூடித்தான் கொடுக்க முடியாது. நம் ஊரில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சங்கத்தில் ஒருவர் “இலவசம்னு சொல்லிட்டு அவன் எப்படி விக்கலாம்” என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

குழுவில் பேச்சு நீண்டது. ஜிபிஎல்லிலேயே இருக்கட்டும், அவர் வேண்டுமானால் தன் பகுதியைக் குழாய்க்கு அந்தப் பக்கம் தனி நிரலாக வைத்துக்கொள்ளட்டும் என்பது என் கருத்து. பையன்களுக்கு எம்ஐடி என்று ஆரம்பித்ததை எம்ஐடியாகவே, யாருக்கும் தடையில்லாமல் கொடுக்க வேண்டும். அவர்கள் எழுதியது, அவர்கள் விருப்பம். என் கருத்து எடுபடவில்லை. இன்றைக்கும் என் யோசனைதான் சரி என்று நினைக்கிறேன், அது வேறு விஷயம்.

பாலாகக் கொடுப்பதா ஷீட் அடிப்பதா என்று வாளியிலேயே முடிவு செய்தாக வேண்டும். பாலாக வைக்க அமோனியா விட்ட பிறகு ஷீட்டுக்கு மாற நினைத்தால் ஆசிட் கூடுதலாகச் செலவாகும். உரிமமும் அப்படித்தான் என்பதைப் பையன்கள் அந்த மாற்றத்தின்போது பார்த்தார்கள். திரையைப் பைக்யூடியிலிருந்து பைசைடுக்கு மாற்றினோம். இரண்டும் க்யூடி என்ற ஒரே திரை லைப்ரரியின் மேல் நிற்பவை; பைசைடு எல்ஜிபிஎல் 3இல் கிடைக்கிறது. இறக்குமதி வரிகள், பைக்யூடிசிக்னல் என்பதைச் சிக்னல் என்று மாற்றுவது போன்ற வேலைகள்தான் பெரும்பாலும், ஆனால் கோப்புக்குக் கோப்பு பார்க்க வேண்டியிருந்தது. எல்ஜிபிஎல்லுக்கும் கடமை உண்டு. பயனர் விரும்பினால் அந்த லைப்ரரியை மட்டும் மாற்றிப் போட வழி விட வேண்டும். அதனால் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டாமல், லைப்ரரிகள் தனித்தனியாகத் தெரிகிற ஒரு ஃபோல்டராகக் கட்டினோம்.

பிடிஎஃப்தான் எங்களை அலைக்கழித்தது. ஏஜிபிஎல்லை விட வேண்டும் என்றதும் எல்லாரும் சொன்ன பெயர் ரிப்போர்ட்லேப். பிஎஸ்டி உரிமம், நல்ல பெயர். மாற்றி அச்சிட்டால் தமிழ் சிதறிக் கிடந்தது. “கொ” வர வேண்டிய இடத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். உறுப்பினர் பெயரே தப்பாக வரும் ரசீதை யார் வாங்குவார்கள்? நாங்கள் பயன்படுத்திய பதிப்பு எழுத்துகளை வரிசையாக வைக்கும், தமிழுக்கு வேண்டிய சேர்க்கையைச் செய்யாது. இன்னொரு லைப்ரரி தேடிப் போகும் முன் கையில் இருப்பதைப் பார்த்தோம். க்யூடியிலேயே பிடிஎஃப் எழுதும் வசதி உண்டு. அது ஹார்ஃபஸ் என்ற எழுத்துச் சேர்ப்பு லைப்ரரி வழியாக எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும். பைசைடில் அதே வசதி அப்படியே கிடைத்தது. கடைசியில் ஒரு லைப்ரரிக்குப் பதில் இன்னொன்று வைக்கவில்லை, ஒன்றைக் குறைத்தோம். ஒத்துப்போகாத உரிமம் என்று வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி இப்போது இதுதான்: இது வேண்டுமா?

சின்னச் சின்ன விஷயங்களும் இருந்தன. ரசீதில் தொகையை எழுத்தால் காட்ட ஒரு சிறு பகுதி, யாருடைய கிட்ஹப்பிலிருந்தோ எடுத்தது. அங்கே உரிமக் கோப்பே இல்லை. உரிமம் இல்லை என்றால் பொதுச் சொத்து என்று நினைக்கக் கூடாது. எல்லா உரிமையும் எழுதியவரிடம் இருக்கிறது என்று பொருள். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. அதை எடுத்துவிட்டு, எம்ஐடி உரிமத்தில் கிடைக்கும் ஓப்பன்-தமிழ் லைப்ரரியில் எண்ணைத் தமிழ் எழுத்தில் தரும் பகுதியை வைத்தோம். நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து ஒட்டிய சில வரிகளும் இருந்தன. அங்கே உள்ளவை கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ, அதாவது எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும். அந்த உரிமத்தின் 4.0 பதிப்பை ஜிபிஎல் 3 ஏற்றுக்கொள்ளும், எம்ஐடி ஏற்காது. யோசனையை வைத்துக்கொண்டு வரிகளை நாங்களே எழுதினோம். எழுத்துரு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாறினோம், அதற்கு எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம். அதைத் தனியாக விற்க முடியாது, மென்பொருளோடு கட்டிக் கொடுக்கலாம்.

நேரடியாகச் சேர்த்தவை கண்ணுக்குத் தெரியும். அவை இழுத்துக்கொண்டு வரும் மற்றவை தெரியாது. 2021 மார்ச்சில் ரூபி என்ற நிரல் மொழியின் உலகத்தில் நடந்ததைப் பையன்களுக்குச் சொன்னேன். மைம்மேஜிக் என்ற சின்ன லைப்ரரி எம்ஐடி என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குள் ஜிபிஎல் 2இல் உள்ள ஒரு தரவுக் கோப்பு இருப்பது தெரியவந்ததும், அதை நடத்தியவர் பழைய பதிப்புகளை நீக்கிவிட்டார். ரூபியில் இணையச் செயலிகள் எழுதப் பயன்படும் ரெயில்ஸ் மறைமுகமாக அதை நம்பியிருந்ததால், உலகம் முழுக்கப் பல திட்டங்களில் நிறுவலே நின்றுபோனது. பிப்-லைசென்சஸ் போன்ற கருவி பேக்கேஜ் தன்னைப் பற்றிச் சொல்வதைப் பட்டியலிடும், அது பெரும்பாலும் போதும். கோப்புகளின் தலைப்புகளையே படிக்க ஸ்கேன்கோட் வேண்டும். வெளியீட்டுக்கு முன் இரண்டையும் ஓடவிடுகிறோம்.

பதிப்பு எண்ணையும் பூட்டி வைக்கிறோம், ஏனென்றால் உரிமம் பதிப்போடு மாறும். பிடிஎஃப் லைப்ரரியான ஐடெக்ஸ்ட் 2009இல் ஐந்தாம் பதிப்போடு ஏஜிபிஎல்லுக்குப் போனது. குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 2021இல் 3.0 பதிப்போடு அப்பாச்சிக்கு வந்தது. நீண்ட காலம் ஜிபிஎல்காரர்களுக்குத் தலைவலியாக இருந்த, விளம்பரங்களில் தங்கள் பெயரைச் சொல்லக் கேட்கும் வரி அதோடு போனது. தரவுத்தளமான ரெடிஸ் 2024 மார்ச்சில் திறந்த மூலத்திலிருந்தே வெளியேறி, 2025 மேயில் ஏஜிபிஎல்லைச் சேர்த்துக்கொண்டது.

நாகர்கோவில் கோர்ட்டில் சொத்து வழக்கு நடத்துகிற வக்கீல் நண்பர் ஒருவரிடம் இந்த உரிமங்களைக் காட்டினேன். மென்பொருள் அவருக்குப் புதிது. ஆனால் பத்திரம் படித்த கை. “இதெல்லாம் இருக்கட்டும், உங்க பங்கு உங்களோடதுதானா?” என்றார். நியாயமான கேள்வி. வேலை ஒப்பந்தத்தின் கீழ், வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முதல் உரிமையாளர் நிறுவனம்தான். ரயிலில் உட்கார்ந்து என் மடிக்கணினியில் எழுதியது அதில் வராது என்று வாதாடலாம். அந்த வாதமே வராமலிருக்க, இந்தத் திட்டத்துக்கு எழுத ஆட்சேபமில்லை என்று அலுவலகத்திடம் மின்னஞ்சல் வாங்கி வைத்தேன். புதிதாகப் பங்களிக்க வருகிறவர்களிடமும், தன் எழுத்துதான், எம்ஐடியில் தருகிறேன் என்று ஒரு வரி கேட்கிறோம்.

அருமனைச் சங்கத்துக்குப் போன பதிப்பில் “உரிமங்கள்” என்று ஒரு திரை இருக்கிறது. எம்ஐடி, பிஎஸ்டி போன்ற இளகிய உரிமங்களுக்கும்கூட ஒரு கடமை உண்டு, பதிப்புரிமை வரியையும் உரிம உரையையும் கூடவே தர வேண்டும். அப்பாச்சியில் நோட்டீஸ் கோப்பு இருந்தால் அதையும். எல்லாம் அந்தத் திரையில் இருக்கிறது. கடைக்காரருக்கும் அதே கட்டுதான் போயிருக்கிறது. அவர் தன் பகுதியைச் செருகிக்கொள்ளலாம், அந்தத் திரையை எடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். பொத்தான்களில் உள்ள படங்கள் மட்டும் பாக்கி. அவற்றில் சில வணிகப் பயன்பாட்டுக்குக் கூடாது என்ற உரிமத்தில் வந்தவை என்று ஸ்கேனில் தெரிந்ததால் கட்டிலிருந்து எடுத்துவிட்டோம். புதுப் படங்களை ஒரு மாணவி வரைந்துகொண்டிருக்கிறாள். அதுவரை அந்தப் பொத்தான்களில் வெறும் எழுத்துதான்.